பிளக் பொருந்தினால் போதாது

வாசகர் கேள்வி – பதில்

வெளிநாடு புறப்படுகிறவர்களின் பெட்டியில் எந்த மின்சாதனத்தை வைக்கலாம், எதை வீட்டிலேயே விட்டுவிடலாம், எந்த அடாப்டர் வாங்கலாம் என்று தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் எழுதிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

மகள் மேல்படிப்புக்கு ஜெர்மனி போகிறாள். 500 வாட் மிக்ஸி, 700 வாட் ரைஸ் குக்கர், லேப்டாப், போன் எல்லாம் எடுத்துப் போகிறாள். எத்தனை அடாப்டர் வாங்குவது? அங்கத்திய கரன்ட் நம் சாமான்களுக்கு ஒத்துக்கொள்ளுமா?
*– ஒரு தாய், ஊத்தங்கரை*

ஒத்துக்கொள்ளும். ஜெர்மனியிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான் (ஹெர்ட்ஸ் என்பது கரன்ட் ஒரு நொடியில் எத்தனை அலை அடிக்கிறது என்ற கணக்கு). வேறுபடுவது பிளக்கின் வடிவம் மட்டும். ஆனாலும் கடைக்குப் போகும் முன் ஒரு வேலை இருக்கிறது. கொண்டுபோகும் ஒவ்வொரு பொருளையும் கவிழ்த்து வைத்து, அதன் அடியில் உள்ள லேபிளைப் படியுங்கள். போன் சார்ஜரில் எறும்பு எழுத்தில் ‘இன்புட் 100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்’ என்று இருக்கும். கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் போன் கேமராவில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். இந்த வரி இருக்கும் சாதனம் எந்த நாட்டிலும் ஓடும். மிக்ஸியிலும் குக்கரிலும் ‘230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்’ என்று மட்டும் இருக்கும். அவை 230 வோல்ட் நாடுகளுக்கு மட்டும்தான். அடாப்டர் பிளக்கின் வடிவத்தை மாற்றும், அவ்வளவுதான். வோல்டேஜை அது தொடவே தொடாது.

ஜெர்மன் சாக்கெட் சுவரில் சின்னக் கிண்ணம் பதித்ததுபோல உள்வாங்கியிருக்கும். உள்ளே இரண்டு வட்டத் துளைகள். கிண்ணத்தின் விளிம்பில் எதிரெதிராக இரண்டு உலோக நாக்குகள் துருத்திக்கொண்டிருக்கும். அவைதான் எர்த். போன் சார்ஜரின் மெல்லிய டூ பின், கம்பி 4 மில்லிமீட்டர் தடிமன் என்றால், அந்தத் துளையில் நேராகவே போய்விடும். நம் ஊர் 6 ஆம்பியர் பிளக்கின் கம்பி 5 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். அந்தத் துளை 4.8 மில்லிமீட்டர் கம்பிக்கானது. ‘கொஞ்சம் அழுத்தினால் போய்விடுகிறது’ என்று திணித்தால் உள்ளே இருக்கும் தகடு விரிந்து, சாக்கெட்டே தொளதொளத்துப் போகும்.

லேப்டாப்புக்கு அடாப்டரே வேண்டாம். சார்ஜர் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள வயரைத் தனியாக உருவி எடுக்க முடியும். அந்த முனையில் மூன்று இதழ்போல ஒரு வடிவம் இருக்கும். அதே முனையும் ஜெர்மன் பிளக்கும் கொண்ட வயர் அங்கே எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கும். அடாப்டரைத் தொங்கவிடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

மிக்ஸிக்கும் குக்கருக்கும் எர்த் உள்ள அடாப்டர் வேண்டும். சந்தையில் விற்கும் மலிவு அடாப்டர்கள் பலவற்றில் மூன்று துளை இருக்கும், பின்பக்கம் வெறும் இரண்டு கம்பிதான் இருக்கும். மேல் துளையில் எர்த் பின் நுழையும், ஆனால் அது எங்கேயும் போய்ச் சேராது. குக்கரின் உலோக உடம்பில் கசிவு வந்தால் தொட்டவருக்கு ஷாக். வாங்கும்போதே சோதிக்கலாம். அடாப்டரின் வட்ட விளிம்பில் எதிரெதிராக இரண்டு உலோகத் தகடுகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். கடைக்காரரிடம் மல்டிமீட்டர் இருந்தால் ஒரு முள்ளை எர்த் துளையிலும் இன்னொன்றை அந்தத் தகட்டிலும் வைக்கச் சொல்லுங்கள். பீப் சத்தம் வந்தால் வாங்குங்கள். வராவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இரண்டு வருடம் தங்கப்போகிற பெண்ணுக்கு எங்கள் யோசனை இன்னும் ஒரு படி மேலே. தினமும் ஓடுகிற சாதனத்துக்கு அடாப்டர் தற்காலிக ஏற்பாடுதான். போய்ச் சேர்ந்ததும் ஹார்டுவேர் கடையில் மூன்று வயர் மாட்டும் ஜெர்மன் பிளக் வாங்கி, நம் பிளக்கை வெட்டிவிட்டு மாட்டச் சொல்லுங்கள். பச்சை–மஞ்சள் வயர் எர்த், பழுப்பு லைன், நீலம் நியூட்ரல். பச்சை–மஞ்சளை மட்டும் மற்ற இரண்டைவிட ஒரு சென்டிமீட்டர் நீளமாக விட வேண்டும். யாராவது வயரை இழுத்தால் லைன் முதலில் கழன்று, எர்த் கடைசியாகக் கழல வேண்டும் என்பதற்காக. பிளக்கின் கிளாம்ப், உள் வயர்களைப் பிடிக்காமல் மேல் உறையைப் பிடிக்குமாறு இறுக்க வேண்டும். கை பழக்கம் இல்லாதவர் இதைச் செய்ய வேண்டாம், தெரிந்தவரிடம் கொடுக்கலாம். வெட்டினால் வாரன்ட்டி போய்விடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

நம் ஊர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றைக் கொண்டுபோய் ஒரே அடாப்டரில் மாட்டி, அதில் எல்லாச் சார்ஜர்களையும் போடுவது பலரும் செய்வது. சார்ஜர்களுக்கு நல்ல வழிதான். ஆனால் 6 ஆம்பியர் பாக்ஸ் தாங்குவது 230 × 6 = 1380 வாட் வரைதான். ஜெர்மன் வீட்டு லைன் 16 ஆம்பியர் வந்த பிறகுதான் ட்ரிப் ஆகும். இடைப்பட்ட இடத்தில் பாக்ஸ் உருகினாலும் சுவர் ஸ்விட்ச்சுக்குத் தெரியாது. அதனால் தனக்கென்று பியூஸோ ட்ரிப் பட்டனோ உள்ள பாக்ஸாக வாங்குங்கள். மிக்ஸி, குக்கர் இரண்டையும் அதில் போட வேண்டாம்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். அங்கே பல மாணவர் விடுதிகளில் கேஸ் கிடையாது, மின் அடுப்புதான். அது இண்டக்ஷன் என்றால் சாதாரண அலுமினிய பிரஷர் குக்கர் சூடே ஆகாது. அடியில் காந்தம் ஒட்டுகிற குக்கராகப் பார்த்து வாங்குங்கள்.

அமெரிக்காவில் இருக்கும் மகன் 750 வாட் மிக்ஸியும் டேபிள் டாப் கிரைண்டரும் கேட்கிறான். ‘கன்வெர்ட்டர் வாங்கினால் எல்லாம் ஓடும்’ என்கிறார் கடைக்காரர். வாங்கி அனுப்பலாமா?
*– கிருஷ்ணகிரி வாசகர்*

வேண்டாம். காரணத்தை விவரமாகச் சொன்னால்தான் மகனும் ஒப்புக்கொள்வார்.

அமெரிக்காவில் வீட்டுப் பிளக்கில் வருவது 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். கோடையில் சாயங்காலம் நம் ஊரில் கரன்ட் லோவாக வரும்போது மிக்ஸி எப்படி முனகும் என்று உங்களுக்குத் தெரியும். 170 வோல்ட்டுக்கே அந்தப் பாடு. 120-ல் சுற்றும், ஆனால் அரைக்காது. வெறும் ஜாரில் ஓடுவதைப் பார்த்து ‘வேலை செய்கிறது’ என்று நம்பி ஊறிய உளுந்தைப் போட்டால் பிளேடு நின்றுவிடும். நின்ற மோட்டாரில் கரன்ட் ஏறும், விசிறியும் சுற்றாது, காயில் சூடாகிக் கருகும்.

சூடு தரும் பொருட்களின் கதை வேறு. வோல்டேஜ் பாதியானால் வாட் பாதியாகாது, கால் பங்காகும். 230-க்குச் செய்த 1500 வாட் கெட்டில் 120-ல் சுமார் 410 வாட்தான் தரும். எரிந்துபோகாது. தண்ணீர் கொதிக்க நாலு மடங்கு நேரம் ஆகும், அவ்வளவுதான். 230 வோல்ட் இண்டக்ஷன் ஸ்டவ் பெரும்பாலும் எரர் காட்டிவிட்டு நின்றுவிடும்.

இப்போது கடைக்காரர் சொல்லும் கன்வெர்ட்டர். அந்தப் பெயரில் இரண்டு வெவ்வேறு சாமான்கள் விற்கின்றன. ஒன்று உள்ளங்கை அளவு, எடை கால் கிலோ, பெட்டியில் ‘1600 வாட்’ என்று அச்சிட்டிருக்கும். அது கரன்ட் அலையை நறுக்கி அனுப்பும் எலக்ட்ரானிக் கன்வெர்ட்டர். ஹேர் டிரையர் போன்ற வெறும் சூட்டுக் கம்பிச் சாதனத்தைச் சிறிது நேரம் ஓட்டுவதற்கானது. மோட்டாரையும் எலக்ட்ரானிக் போர்டு உள்ள எதையும் அதில் மாட்டக் கூடாது. அதோடு, நறுக்கி வோல்டேஜைக் குறைக்கத்தான் அதனால் முடியும். 120-ஐ 230 ஆக்க முடியாது. இன்னொன்று உண்மையான ஸ்டெப்-அப் டிரான்ஸ்பார்மர். இரும்புத் தகடும் செப்புக் கம்பியும் சேர்ந்தது. 750 வாட் மிக்ஸிக்குக் குறைந்தது 1500 வி.ஏ. (வோல்ட்-ஆம்பியர், டிரான்ஸ்பார்மர் தாங்கும் அளவு) வேண்டும். மிக்ஸி தொடங்கும் நொடியில் ஓட்டக் கரன்ட்டைப்போலப் பல மடங்கு இழுக்கும் என்பதால்தான் இந்த இரட்டிப்பு. மிக்ஸியைவிடக் கனமான இரும்புக் கட்டி ஒன்று சமையல் மேடையில் உட்கார்ந்திருக்கும். அணைக்காமல் விட்டால் மிக்ஸி ஓடாதபோதும் உறுமிக்கொண்டு கரன்ட் தின்னும்.

டிரான்ஸ்பார்மர் வைத்தால் மிக்ஸி ஓடும். மிக்ஸியில் இருப்பது கார்பன் பிரஷ் மோட்டார், அது 50 ஹெர்ட்ஸ், 60 ஹெர்ட்ஸ் இரண்டையும் பெரிதாகப் பொருட்படுத்தாது. கிரைண்டர் அப்படியில்லை. அதில் இருப்பது இண்டக்ஷன் மோட்டார். அதன் வேகத்தைத் தீர்மானிப்பது ஹெர்ட்ஸ். 50 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்குச் சுமார் 1440 சுற்று சுற்றுகிற மோட்டார், 60 ஹெர்ட்ஸில் சுமார் 1730 சுற்றும். கல் வழக்கத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் வேகத்தில் சுழலும், மாவு சீக்கிரம் சூடேறும், மோட்டாரின் இழுவிசை குறையும். எந்த டிரான்ஸ்பார்மரும் ஹெர்ட்ஸை மாற்றாது. கடைக்காரர் இதைச் சொல்வதில்லை.

சிலர் வேறொரு யோசனை சொல்வார்கள். அமெரிக்க வீட்டில் துணி உலர்த்தும் மெஷினுக்கு 240 வோல்ட் லைன் வருகிறதே, அதில் மாட்டிவிடலாமே என்று. தயவுசெய்து வேண்டாம். அந்த 240 வோல்ட் லைனில் இரண்டு வயரும் உயிருள்ளவை, நியூட்ரல் அதில் சேராது. நம் மிக்ஸியின் ஸ்விட்ச் ஒரு வயரைத்தான் துண்டிக்கும். ஆஃப் செய்த பிறகும் இன்னொரு வயர் வழியாக மோட்டாருக்குள் கரன்ட் நிற்கும். கழுவுகிற கையோடு தொட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சரியான வழி எளிது. நம் மிக்ஸி கம்பெனிகளும் கோவைக் கிரைண்டர்காரர்களும் 110 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மாடல்களைத் தனியாகச் செய்கிறார்கள். அமெரிக்காவில் இந்தியர் அதிகம் வாழும் ஊர்களில் இந்திய மளிகைக் கடைகளிலேயே கிடைக்கும். களிக்கு ராகி அரைக்கவும் தோசை மாவு ஆட்டவும் அதுவே போதும். அங்கே சமையலறை பிளக் லைன் பெரும்பாலும் 20 ஆம்பியர், மற்ற அறைகளில் 15. சமையல் மேடைச் சாக்கெட்டில் ‘டெஸ்ட்’, ‘ரீசெட்’ என்று இரண்டு பட்டன்கள் இருக்கும். மிக்ஸி திடீரென நின்றால் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டும் முன் ரீசெட்டை அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். ஈரத்தால் கசிவு இருந்தால் அது தானாக வெட்டிவிடும். மறுபடி மறுபடி வெட்டினால் சாதனத்தில்தான் கோளாறு.

தம்பி சிங்கப்பூரில் வேலை. அறையில் எல்லோரும் பேனா மூடியை மேல் துளையில் குத்திவிட்டு, நம் டூ பின் சார்ஜரை அப்படியே செருகுகிறார்களாம். ‘ஒன்றும் ஆகவில்லை’ என்கிறான். பயமாக இருக்கிறது.
*– காவேரிப்பட்டணம் வாசகி*

பயப்படுவது நியாயமே. சிங்கப்பூர், மலேசியா, துபாய், இங்கிலாந்து எல்லா இடத்திலும் ஒரே பிளக்தான். மூன்று தட்டையான செவ்வகப் பின்கள், ஜி டைப் என்பார்கள். அந்தச் சாக்கெட்டின் கீழ் இரண்டு துளைகளுக்குள் ஒரு சின்ன பிளாஸ்டிக் கதவு இருக்கிறது. குழந்தைகள் கம்பியை விட்டுவிடக் கூடாது என்று வைத்தது. மேலே உள்ள எர்த் பின் மற்ற இரண்டைவிட நீளம். அது முதலில் நுழைந்து அந்தக் கதவைத் தள்ளித் திறக்கும். பேனா மூடி செய்வதும் அதையேதான், பூட்டை உடைத்துத் திறப்பதுபோல.

அதன் பிறகு இரண்டு கோளாறு வருகிறது. தட்டையான பின்னைப் பிடிக்கச் செய்த தகட்டில் வட்டக் கம்பி ஒரே ஒரு கோட்டில்தான் ஒட்டும். தொடுமிடம் சிறுத்தால் அங்கே சூடு. போன் சார்ஜரில் அது பெரிதாகத் தெரியாது, அதனால்தான் ‘ஒன்றும் ஆகவில்லை’. அதே பழக்கத்தில் ஒருநாள் அயர்ன் பாக்ஸைச் செருகுவார்கள். இரண்டாவது, ஜி டைப் பிளக்கின் வயிற்றுக்குள் ஒரு பியூஸ் இருக்கிறது. 700 வாட் வரையான சாதனத்துக்கு 3 ஆம்பியர், அதற்கு மேல் 13 ஆம்பியர். சாதனத்தின் மெல்லிய வயரைக் காப்பது அந்தப் பியூஸ்தான். சுவருக்குள் வரும் லைன் 20, 30 ஆம்பியர் வரைகூட விட்டுக்கொடுக்கும். பேனா வழியில் போனால் பியூஸைத் தாண்டிவிடுகிறோம். வயரில் ஷார்ட் ஆனால் அறை முழுக்கப் புகை வந்த பிறகுதான் ட்ரிப் விழும்.

சிங்கப்பூரிலேயே விற்கும், ‘சேஃப்டி மார்க்’ முத்திரை உள்ள அடாப்டர் ஒன்று வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். உள்ளே பியூஸ் இருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும். போனுக்கு மட்டும் என்றால் ஜி டைப் யு.எஸ்.பி. சார்ஜரே வாங்கிவிடலாம்.

சவுதியில் இருப்பவருக்கு நம் கிரைண்டர் ஓடுமா? துபாய்க்காரர்கள் ஓடுகிறது என்கிறார்களே?
*– பாலக்கோடு*

துபாயில் ஓடும். அமீரகம், கத்தார், ஓமன், குவைத், பஹ்ரைன் எல்லாம் 50 ஹெர்ட்ஸ், வோல்டேஜும் நம்முடையதற்கு நிகர். சவுதியில் வோல்டேஜ் 230-ஆக இருந்தாலும் 60 ஹெர்ட்ஸ். மேலே சொன்ன வேகச் சிக்கல் அங்கேயும் உண்டு. லேபிளில் 50/60 இரண்டும் இருந்தால் மட்டும் அனுப்புங்கள். மிக்ஸி, அயர்ன் பாக்ஸ், குக்கர் ஓடும். சவுதியில் பழைய கட்டடங்கள் சிலவற்றில் 127 வோல்ட் சாக்கெட்டும் உண்டு, எந்தச் சாக்கெட் எது என்று கேட்டுவிட்டுச் செருகச் சொல்லுங்கள்.

‘எல்லா நாட்டுக்கும் ஒரே அடாப்டர்’ என்று வாங்கினோம். மலேசியாவில் ஹோட்டலில் 1500 வாட் டிராவல் கெட்டில் போட்டதும் பத்தாவது நிமிடம் பிளாஸ்டிக் வாசனை. ஒரு துளையைச் சுற்றிப் பழுப்பாகிவிட்டது. வோல்டேஜ் ஒன்றுதானே, ஏன்?
*– பென்னாகரம்*

வோல்டேஜில் குற்றமில்லை, தொடுமிடத்தில்தான் குற்றம். அந்த அடாப்டரை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எங்கோ ஓரத்தில் ‘6 ஆம்பியர்’ என்று அச்சு இருக்கலாம். உங்கள் கெட்டில் 1500 ÷ 230, அதாவது 6.5 ஆம்பியர் இழுக்கிறது.

அளவுக்குள் இருந்தாலும் இந்த ‘எல்லாவற்றுக்கும் ஒன்று’ அடாப்டரில் இன்னொரு பலவீனம் உண்டு. வட்டப் பின், தட்டைப் பின், சாய்ந்த பின் எல்லாம் நுழைய வேண்டும் என்று துளையை அகலமாக வைத்திருப்பார்கள். எல்லாம் நுழையும், எதையும் இறுக்கிப் பிடிக்காது. இறுக்கமான தகட்டில் தொடுமிடத் தடை மிக மிகச் சிறியது, கையில் சூடு தெரியாது. தளர்ந்து 0.2 ஓம் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 6.5 × 6.5 × 0.2 = கிட்டத்தட்ட 8.5 வாட். கேட்க அற்பமாக இருக்கும். மிளகளவு இடத்தில் அவ்வளவு சூடு என்றால் அது சின்ன சால்டரிங் அயர்னுக்குச் சமம். சூடு ஏற ஏறப் பித்தளைத் தகடு இறுக்கம் இழக்கும், இறுக்கம் போகப் போக இன்னும் சூடு ஏறும். பத்தாவது நிமிடம் வாசனை வந்ததன் கணக்கு இதுதான். ஒரு துளை மட்டும் பழுத்திருப்பதும் அதற்கே சாட்சி: அந்தப் பக்கத் தகடுதான் விரிந்திருக்கிறது.

பழுத்த அடாப்டரை இனி போன் சார்ஜருக்குக்கூடப் பயன்படுத்த வேண்டாம். அடுத்த முறை ஒரு நாட்டுக்கு மட்டுமான, அசையாத அமைப்புள்ள அடாப்டரை வாங்குங்கள். நம் பிளக்கைச் செருகி, அடாப்டரைத் தலைகீழாகப் பிடித்து லேசாக உதறுங்கள். பிளக் கழன்று விழுந்தால் அது உதவாது. கெட்டில், அயர்ன் பாக்ஸ், ஹீட்டர் ராடு, ஹேர் டிரையர் இந்த நாலையும் அடாப்டரில் போடாமல் இருந்தாலே பாதித் தொல்லை தீரும். பெரும்பாலான ஹோட்டல்களில் கெட்டிலும் அயர்ன் பாக்ஸும் கேட்டால் தருவார்கள். ஹீட்டர் ராடை விடுதி அறைக்குக் கொண்டுபோகவே வேண்டாம்.

ஓசூரில் விருந்தினர் விடுதி நடத்துகிறோம். தொழிற்சாலை வேலையாக ஜப்பான் பொறியாளர்கள் மாதக் கணக்கில் தங்குகிறார்கள். எல்லா நாட்டு பிளக்கும் நுழையும் சாக்கெட் வைத்திருக்கிறோம். போதுமா?
*– ஓசூர்*

போதாது. அந்தச் சாக்கெட்டே ஆபத்தை அழைத்துவரலாம். ஜப்பானில் 100 வோல்ட். இரண்டு தட்டைப் பின் கொண்ட அவர்கள் பிளக் உங்கள் சாக்கெட்டில் தடையில்லாமல் நுழைந்துவிடும். லேப்டாப், போன், கேமரா சார்ஜர்கள் 100–240 என்பதால் பிரச்சினை இல்லை. ஊரிலிருந்து ரைஸ் குக்கரையும் கொண்டுவந்திருப்பார்கள். 100 வோல்ட் குக்கருக்கு 230 வோல்ட் கொடுத்தால் 2.3 × 2.3, ஐந்து மடங்குக்கு மேல் சூட்டுச்சுமை. நல்லவேளையாக உள்ளே உள்ள பியூஸ் போகும், கெட்டவேளையாக போர்டே கருகும்.

ஒவ்வொரு சாக்கெட்டின் மேலும் ‘230 வோல்ட்’ என்று பளிச்செனத் தெரியும் ஸ்டிக்கர் ஒட்டுங்கள், ஜப்பானிய மொழியிலும் ஒரு வரி எழுதி வையுங்கள். பொதுச் சமையலறையில் 1500 அல்லது 2000 வி.ஏ. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் ஒன்று நிரந்தரமாக வையுங்கள். நம் கடைகளில் எளிதாகக் கிடைப்பது 110 வோல்ட் அவுட்புட். ஜப்பான் குக்கருக்கு அது பத்து சதவீதம் அதிகம், சூட்டில் 21 சதவீதம் கூடுதல். 100 வோல்ட் தனியாக எடுக்கும் இணைப்பு (டேப்பிங்) வைத்துச் சுற்றித் தரச் சொல்லுங்கள். டிரான்ஸ்பார்மர் சுற்றுகிறவர்களுக்கு இது சிரமமான வேலை அல்ல. ஹெர்ட்ஸைப் பற்றிக் கவலை வேண்டாம். டோக்கியோவில் 50, ஒசாகாவில் 60 என்று ஜப்பானே இரண்டு ஹெர்ட்ஸில் ஓடுவதால், அவர்கள் சாதனங்கள் பெரும்பாலும் இரண்டுக்கும் பொருந்தச் செய்தவை. லேபிளைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

அறைக் கார்டை எடுத்ததும் மொத்தக் கரன்ட்டும் போகும் அமைப்பு இருந்தால் ஒரு சாக்கெட்டையாவது அதிலிருந்து விலக்கி வையுங்கள். வெளியே போகும் நேரத்தில் சார்ஜ் ஏறவில்லை என்ற புகார் வராது.

அப்பாவுக்குத் தூக்கத்தில் மூச்சுத் தடை. தூங்கும்போது முகமூடி வழியாகக் காற்றை அழுத்தித் தரும் சிபேப் மெஷின் வைத்திருக்கிறார், கூடவே மருந்தைப் புகையாக்கும் நெபுலைசரும். மூன்று மாதம் கனடா போகிறோம். இரண்டும் ஓடுமா?
*– அரூர்*

சிபேப் பெரும்பாலும் ஓடும், நெபுலைசர் பெரும்பாலும் ஓடாது. இரண்டின் லேபிளையும் இன்றே பாருங்கள். சிபேப்பின் கறுப்பு சார்ஜர் பெட்டியில் 100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று இருக்கும். அதற்கு கனடா பிளக் உள்ள வயர் ஒன்று வாங்கினால் போதும், டிரான்ஸ்பார்மர் வேண்டாம். கனடாவில் 120 வோல்ட். பழைய வீடுகளில் எர்த் துளை இல்லாத இரண்டு துளைச் சாக்கெட்டும் உண்டு, தங்கும் வீட்டின் படுக்கையறைச் சாக்கெட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிப் பார்த்துவிடுங்கள். கட்டிலுக்கும் சாக்கெட்டுக்கும் எவ்வளவு தூரம் என்றும் கேளுங்கள்.

மெஷினைக் கையில் எடுத்துச் செல்லும் பையிலேயே வையுங்கள், லக்கேஜில் போட வேண்டாம். ஹியூமிடிஃபையர் தொட்டியில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இருக்கக் கூடாது. பையைச் சாய்த்தால் தண்ணீர் மெஷினுக்குள் போய் அதைச் சேதப்படுத்தும். டாக்டர் கடிதம் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். விமானத்திலேயே பயன்படுத்த வேண்டும் என்றால் விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்க வேண்டும்.

வீட்டு நெபுலைசரில் காற்றை அழுத்தும் கம்ப்ரசர் இருக்கிறது. 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸுக்குச் செய்ததை 120-ல் போட்டால் உறுமும், மருந்து புகையாக வராது. மூச்சு வாங்கும் நேரத்தில் அதைக் கண்டுபிடிக்கக் கூடாது. பேட்டரியில் ஓடும் மெஷ் நெபுலைசர் அப்பாவின் மருந்துக்குப் பொருந்துமா என்று டாக்டரிடம் கேட்டு, இங்கேயே வாங்கி, ஒரு வாரம் பழக்கிவிட்டுக் கிளம்புங்கள்.

பவர் பேங்கைப் பெட்டியில் வைக்கலாமா?
*– தர்மபுரி*

கூடாது, கைப்பையில்தான். கணக்கு இப்படி: 20,000 எம்.ஏ.எச். × 3.7 வோல்ட் ÷ 1000 = 74 வாட்-ஹவர். 100 வாட்-ஹவர் வரை அனுமதி, அதாவது 27,000 எம்.ஏ.எச். வரை. 100-க்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் தேவை, அதற்கு மேல் எடுத்துச் செல்லவே முடியாது. எழுத்து அழிந்த பவர் பேங்கை சோதனையில் பறித்துக்கொள்வார்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரலிலிருந்தும் எமிரேட்ஸ் 2025 அக்டோபரிலிருந்தும் விமானத்துக்குள் பவர் பேங்கைப் பயன்படுத்தத் தடை விதித்துள்ளன. சீனாவில் உள்நாட்டு விமானம் ஏறுவதாக இருந்தால் 2025 ஜூன் 28 முதல் ‘3சி’ என்ற சீனப் பாதுகாப்புச் சான்று முத்திரை உள்ள பவர் பேங்க் மட்டுமே செல்லும்.

நம் பிளக் அப்படியே பொருந்தும் நாடு ஏதாவது உண்டா?
*– பர்கூர்*

நேபாளம், பூட்டானில் பல இடங்களில் பொருந்தும். தென் ஆப்பிரிக்காவின் பழைய சாக்கெட்டுகள் நம் பெரிய பவர் பிளக்கின் அளவுதான், 16 ஆம்பியர் பிளக் நேராகப் போகும். இலங்கையில் பழைய வீடுகளில் நம்முடையது நுழையும், புதிய கட்டடங்களில் ஜி டைப்.

அமெரிக்காவிலிருந்து அக்கா அம்மாவின் முட்டிவலிக்காக மின்சார ஹீட்டிங் பேட் வாங்கி வந்தார். அடாப்டர் போட்டு மாட்டினோம். இரண்டே நிமிடத்தில் கொதிக்கிறது, உடனே எடுத்துவிட்டோம். மார்கழிக் குளிருக்கு அம்மா அதைத்தான் கேட்கிறார். ரெகுலேட்டரைக் குறைத்து வைத்துப் பயன்படுத்தலாமா?
*– தேன்கனிக்கோட்டை*

உடனே எடுத்தது நல்லதாயிற்று. இனி அதைச் சுவரில் செருகவே வேண்டாம். 120 வோல்ட்டுக்குச் செய்த 60 வாட் பேட், 230 வோல்ட்டில் சுமார் 220 வாட் சூடு தரும். ரெகுலேட்டரைக் குறைத்தாலும் உள்ளே போவது 230-தான். பல பேட்களில் ரெகுலேட்டர் செய்வது, கரன்ட்டை விட்டு விட்டுக் கொடுப்பது மட்டுமே. கொடுக்கும் நேரத்தில் முழுச் சூடு இறங்கும். வயதானவர்களுக்கு, அதிலும் சர்க்கரை நோய் இருந்தால், முட்டியில் உணர்ச்சி மந்தமாக இருக்கும். தோல் வெந்தது தெரியாமலே தூங்கிவிடுவார்கள்.

ஒருமுறை 230 வோல்ட் பாய்ந்த பேடின் உள் கம்பி எங்காவது இளகியிருக்கலாம், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அதனால் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் வாங்கி அதை மறுபடி ஓட்டலாம் என்றும் நாங்கள் சொல்ல மாட்டோம். ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள, 230 வோல்ட் பேட் ஒன்றைக் கிருஷ்ணகிரியிலோ ஓசூரிலோ வாங்கிக் கொடுங்கள். இன்று இரவுக்கு, தடித்த துண்டு சுற்றிய வெந்நீர்ப் பை போதும். அக்கா கொண்டுவந்த மற்ற சாமான்களில் சூடு தருவதும் மோட்டார் ஓடுவதும் எவை என்று பிரித்து வைத்து, ஒவ்வொன்றின் லேபிளையும் பார்த்த பிறகு பிளக்கைத் தொடுங்கள்.